அறுந்த இணைப்பு: பிழை யாருடையது?

வெள்ளிக்கிழமைதோறும் ஒரே இடர். காலை முழுவதும் தடையின்றி நூல்களைப் பதிவு செய்துவந்த நூலக அலுவலர், ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து முதல் நூலைப் பதிய முனைந்ததும் திரை அசைவற்று நின்றுவிடும். இணைப்பு அறுந்தது என்னும் செய்தி கால்மணி நேரம் கழித்தே வரும். முதலில் அலுவலர்மீது பழி விழுந்தது. அடுத்துத் தரவுத்தள வழங்கியின்மீது. இரண்டும் தவறென்பதை நாம் தாமதமாகவே உணர்ந்தோம்.

இணைப்பு என்றதும் இழுத்துக் கட்டிய கம்பியை எண்ணிவிடுகிறோம். டிசிபி நெறிமுறையில் இணைப்பென்பது இருமுனைக் கணிப்பொறிகளும் தத்தம் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு குறிப்பேயாகும். பேச்சு நின்றால் வழியில் எதுவும் பயணம் செய்வதில்லை. இடையே நிற்கும் ஃபயர்வால் என்னும் காவற்கருவியும் தனக்கென ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. நெடுநேரம் அசைவில்லையெனில் அதனை அழித்துவிடுகிறது; அழித்த செய்தியைப் பெரும்பாலும் எம்முனைக்கும் சொல்வதில்லை. வாயிற்காவலர் பெயரை அடித்துவிட்டதை அறியாமல் வாயிலில் வந்து நிற்கும் விருந்தினரின் நிலைதான் அடுத்து வரும் வினவலுக்கும்!

அறுத்தவர் யாரென்பதை எவ்வாறு அறிவது? மைஎஸ்க்யூஎல் வழங்கி, மாற்றியமைக்காதவரை, 28,800 வினாடி அதாவது 8 மணி நேரம் பேச்சற்றிருக்கும் இணைப்பைத் தானே மூடிவிடும். அவ்வாறு மூடியிருப்பின் அடுத்த வினவலுக்கு உடனடியாகப் பிழைச்செய்தி வரும். இடைவழியில் அறுந்திருப்பின் லினக்ஸ் கணிப்பொறி விடை வராத செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, ஏறத்தாழ 15 நிமிடம் கழித்தே கைவிடும். நம் திரையின் நெடிய மௌனம் இடைவழியையே சுட்டியது. காவற்கருவியின் வரம்போ 1 மணி நேரம். பிற நாள்களில் உணவு இடைவேளை அரைமணி. வெள்ளியன்று ஒன்றரை மணி.

வழங்கியின் 8 மணி நேரத்தை 24 ஆக உயர்த்திப் பார்த்தவர்களும் உண்டு, பயனில்லை. வேண்டியது கீப்அலைவ் என்னும் வெற்றுச் செய்தி. இணைப்பு உயிரோடிருக்கிறதா என அவ்வப்போது தட்டிப் பார்ப்பது அதன் பணி. லினக்ஸில் அதன் இயல்பான இடைவெளி 7,200 வினாடி. 1989இல் வெளிவந்த இணைய நெறி ஆவணமும் இரண்டு மணி நேரத்திற்குக் குறையலாகாது என்றே வகுத்தது. 1 மணி நேரத்தில் அழிக்கும் காவலுக்கு இது காலங்கடந்த தட்டல். அதனை 300 வினாடியாகக் குறைத்தோம். நிரல் கேட்டாலன்றிக் கீப்அலைவ் இயங்காது என்பதால் அதனையும் சரிபார்க்க நேர்ந்தது.

அறுந்ததும் நிரல் தானே மீண்டும் இணைந்து வினவலை மறுபடி அனுப்பட்டும் என்றார் ஒருவர். நூலைத் தேடும் வினவலுக்கு அது தீங்கன்று. நூல் வழங்கியதைப் பதியும் வினவலாயின், வழங்கி அதனை ஏற்றபின் விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கக்கூடும். ஒரே நூல் இருமுறை பதிவாகிவிடும். ஆகவே மீண்டும் இணைவதை மட்டும் ஏற்று, மறுபதிவை அலுவலரிடமே விட்டோம்.

மறு வெள்ளியன்று தொழுகை முடிந்து வந்தவர் முதல் நூலை உடனே பதிந்தார்.