மருந்தும் தேகவாகும்

லாலாகுடாவில் நம் குடியிருப்பை அடுத்த தெருவில் கிராணா கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ஆரிய வைசிய குலத்தவர், தாய்மொழி தெலுங்கு. முப்பது ஆண்டுகளாக நம்மவர்களுக்கு இட்லி அரிசியும் உளுந்தும் நிறுத்துத் தந்ததில், கணக்குச் சொல்லும் அளவுக்குத் தமிழும் அவருக்குக் கைவந்துவிட்டது. பித்தப்பையில் கல் இருக்கிறது, அதை அறுவை செய்து எடுக்கவேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னபோது, மகன் வெளியூரில் இருந்தமையால் துணைக்கு நாம் சென்றிருந்தோம். மயக்க மருந்து கொடுக்கும் இளம் வைத்தியர் வந்தார். சர்க்கரை நோய் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா என்று வழக்கமான வினாக்களை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில், "தாங்கள் வைசியரா?" என்று கேட்டார்.

பெரியவரின் முகம் கறுத்துவிட்டது. "உயிரைக் காக்கும் இடத்திலுமா ஐயா குலம் கேட்பது?" என்று நம்மிடம் தனியே குமுறினார். உண்மையைச் சொல்வதானால், நமக்கும் அந்த வினா பிடிக்கவில்லை. உறுப்பினர் விண்ணப்பத்தில் சாதிக்கு ஓர் இடம் வைக்கவே கூடாது என்று வாதாடியவர்களில் நாமும் ஒருவர். ஆயினும், அந்த இளைஞர் வம்புக்குக் கேட்கவில்லை என்பதும், கேட்காமல் விட்டிருந்தால்தான் பிழை என்பதும் பிற்பாடு விளங்கின. விளங்கியதை நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பொது மயக்கம் கொடுத்து அறுவை செய்யும்போது, மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்தவேண்டியிருக்கும். அதற்குத் தசைகள் தளர்ந்து கொடுக்கவேண்டும். அவ்வாறு தளரச் செய்வதற்கு 1950களிலிருந்து உலகெங்கும் கையாளப்பட்டு வரும் மருந்து சக்ஸினைல்கோலின்; ஸ்கோலின் என்றும் வழங்குவர். விரைவில் வேலை செய்து விரைவில் நீங்குவதே அதன் சிறப்பு. சில நிமிஷங்களுக்குள் நம் இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. பியூடிரில்கோலினெஸ்டரேஸ் என்பது அந்நொதியின் பெயர். பெயர் நாவில் நுழையாவிட்டாலும் பாதகமில்லை, அதன் வேலையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்நொதி பிறவியிலேயே குறைவாகவோ இல்லாமலோ இருப்பவருக்கு இதே மருந்து, இதே அளவில், நிமிஷக் கணக்கில் நீங்கவேண்டியது மணிக்கணக்கில் நீங்காது. மார்புத் தசைகள் அசையா. தாமே மூச்சுவிட இயலாது. மருந்து தானாகக் கழியும் வரை சுவாசக் கருவி கொண்டு காத்தால் ஒரு கேடும் நேராது. கவனியாது விட்டாலோ உயிருக்கே ஆபத்து.

இதில் விந்தை யாதெனில், இக்குறை உடையவர் நோயாளி அல்லர். உண்பார், உழைப்பார், பேரன் பேத்தி எடுப்பார். அந்த ஒரு மருந்தைச் சந்திக்கும் நாள் வரையில் குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. 1950களில் கானடா நாட்டு டொராண்டோ நகரில் வெர்னர் காலோ என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, இது மருந்தின் குற்றமன்று, குடும்பவழி வரும் இயல்பு என்று நிறுவினார். மருந்துக்கும் பரம்பரைக்கும் உள்ள உறவை ஆராயும் தனியொரு துறையே அவரையும் அவர் காலத்து ஆராய்ச்சியாளரையும் கொண்டு பிறந்தது. 1959ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடெரிக் ஃபோகல் அத்துறைக்குப் பெயரிட்டார்.

உலகில் மிக அரிதான இக்குறை, ஆரிய வைசியரிடையே பல மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. அதன் காரணத்தைக் கண்டறிந்ததில் நம் கோயம்புத்தூருக்குப் பெரும் பங்குண்டு. அங்குள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் அயல்நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்நொதியின் 307ஆவது இடத்தில் லியூசின் என்னும் கூறு இருக்கவேண்டிய இடத்தில் புரோலின் என்பது அமர்ந்திருக்கக் கண்டனர். நீண்ட மாலையில் ஒரு மணி மாறிக் கோக்கப்பட்டது போன்றதுதான். ஆயினும் அந்த ஒரு மணியினால் நொதி முழுவதும் பயனற்றுப் போகிறது.

ஏன் அக்குலத்தில் மட்டும் இத்தனை மிகுதி? இதற்கு விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது எனலாம். லாலாகுடாவிலிருந்து மெட்டுகூடா, தார்நாகா வழியாக ஹப்சிகூடா சென்றால், 1977இல் தோன்றிய செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய குமாரசாமி தங்கராஜ் அவர்களும், அமெரிக்காவின் டேவிட் ரைக் முதலியோரும் சேர்ந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த 2,800க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். இவற்றுள் 81 சமூகங்கள், என்றோ ஒரு காலத்தில் வாழ்ந்த மிகச் சில முன்னோர்களிடமிருந்து பெருகி, பிறகு தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வந்தவை என்பது தெரிந்தது. அந்தச் சில முன்னோருள் ஒருவரிடம் மாறிய மணி ஒன்று இருந்திருந்தால், அது வெளியே கரைந்து போக வழியின்றி உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். தாய் வழியிலும் தந்தை வழியிலும் அது ஒருவரிடம் வந்து கூடும்போதே குறை வெளிப்படுகிறது. வைசியரை அவ்வாய்வு ஓர் எடுத்துக்காட்டாகவே கூறுகிறது.

ஆகவே அந்த இளம் வைத்தியர் கேட்டது உயர்வு தாழ்வைப் பற்றிய கேள்வியன்று. எந்த மணவட்டத்தில் பிறந்தவர் என்பதே கேள்வி. வைசியர் எல்லாருக்கும் இக்குறை உண்டு என்பதுமில்லை, ஏனையோருக்கு இல்லவே இல்லை என்பதுமில்லை. ஐயம் எழுந்தால் இரத்தத்தில் அந்நொதியின் அளவைச் சோதித்து அறிந்துகொள்ளலாம். குறை உண்டெனத் தெரிந்தால் வேறு மருந்து கையாளலாம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாக மணந்து வந்த நாம், இது யாரோ அண்டை வீட்டாரின் கதை என்று இருந்துவிடுவதற்கில்லை.

நம் கதையும் ஒன்று உண்டு. அது சென்னையில் எழுதப்பட்டது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. காசநோயாளியை ஆஸ்பத்திரியில் ஓராண்டு படுக்கவைப்பதற்குப் பதில், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 193 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து, 1959இல் உலகுக்கு அறிவித்த பெருமை அந்நிலையத்தினுடையது. அதே நிலையம் செய்த இன்னொரு பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐசோனியஸிட் என்னும் மாத்திரையைச் சிலருடைய கல்லீரல் விரைவாகச் செயலிழக்கச் செய்கிறது. சிலருடையது மெதுவாகச் செய்கிறது. இதுவும் பிறவி இயல்பே. தென்னிந்திய நோயாளிகளிடம் அளந்து பார்த்தபோது, பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் மெதுவான வகையினர் என்று தெரிந்தது. ஜப்பானியருள் பெரும்பாலோர் விரைவான வகையினர்.

மெதுவாகச் சிதைப்பவரின் உடலில் மருந்து நெடுநேரம் தங்கும். அதனால் கை கால்களில் எரிச்சலும் மதமதப்பும் வரும் நரம்புக் கோளாறு இவர்களையே மிகுதியும் பற்றுகிறது என்பதைச் சென்னை நிலையத்தார் 1960இல் எடுத்துக்காட்டினர். பி6 வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்தால் அதனைத் தடுக்கலாம். விரைவாகச் சிதைப்பவருக்கோ வேறொரு தொல்லை: வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையில் அவர்களுக்குப் பலன் குறைந்தது.

இதை எழுதும்போது நம் சிற்றன்னையின் நினைவு வருகிறது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து, ரயில்வே தொழிற்சாலையில் வேலையாயிருந்த கணவரோடு லாலாகுடாவுக்கு வந்தவர். காசநோய்க்கு மாத்திரை உண்டுவந்தபோது உள்ளங்கால் தணல்மேல் வைத்தாற்போல் எரிகிறது என்றார். இந்த ஊர் வெயில் என்றோம். ஆவக்காய் ஊறுகாயின் காரம் என்றோம். மருதாணி அரைத்துப் பூசினோம். மாத்திரையைச் சந்தேகித்தவர் அவர் ஒருவரே. சந்தேகித்தவர் வைத்தியரிடம் சொல்லாமல், மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். நோய் மீண்டும் தலையெடுத்தது. இரண்டாம் முறை சென்றபோது வேறொரு வைத்தியர் கேட்டறிந்து பி6 சேர்த்துக் கொடுத்தார். எரிச்சல் நின்றது, மருந்தும் முடிந்தது, சிற்றன்னை பின்னும் பல ஆண்டு வாழ்ந்தார். இடையில் கழிந்த எட்டு மாதங்களில் அவர் இளைத்த இளைப்பை நாம் மறக்கவில்லை.

பிறவி இயல்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எண்ணவும் கூடாது. உண்ணும் சோற்றுக்கும் இதில் பங்குண்டு. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் குன்னூர் மலையில் சிறிய ஆராய்ச்சிக் கூடமாகத் தோன்றி, 1958இல் இந்நகருக்கு வந்து சேர்ந்தது. (அதுவும் நம்மைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான்!) அங்கே கமலா கிருஷ்ணசுவாமி அம்மையார், சத்துக்குறைவான உடல் மருந்துகளை எவ்வாறு கையாளுகிறது என்பதை ஆராய்ந்தார், பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். கடுமையான சத்துக்குறைவில் கல்லீரலின் வேலை மந்தப்படுகிறது. இரத்தத்தில் மருந்தைச் சுமந்து செல்லும் புரதமும் குறைகிறது. நன்கு உண்டு வளர்ந்தவருக்கு அளவான மருந்து, எலும்புந்தோலுமாய் இருப்பவருக்கு அளவு மிஞ்சியதாகிவிடக்கூடும்.

மலேரியாவைப் பற்றி ஒரு சொல். அந்நோயைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டு மாதத்தில் கண்டது இதே செகந்திராபாத்தில்தான். அந்நோய் மீளாதிருக்கக் கொடுக்கப்படும் பிரைமாகுவின், ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாக்கும். 1956இல் அறியப்பட்ட செய்தி இது. இக்குறை தாய்வழி வருவது. ஆண் மக்களிடமே மிகுதியும் வெளிப்படுவது. தாய்மார்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். பீரோவில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீனும் இக்குறையுள்ள குழந்தைக்கு அதே கேட்டைச் செய்யும். பெட்டியிலிருந்து எடுத்த பட்டுத் துணியை உதறி வெயிலில் காட்டாமல் கைக்குழந்தையைச் சுற்றலாகாது.

இருதய நோய்க்காரர் பலர் உண்ணும் குளோபிடோக்ரெல் இதற்கு நேர்மாறானது. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் அது மருந்தாகவே வேலை செய்யும். அவ்வாறு மாற்றும் நொதி தமிழரிடம் எப்படி இருக்கிறது என்று புதுச்சேரி ஜிப்மர் நிறுவனத்தில் ஆதித்தன் என்னும் பேராசிரியரின் குழுவினர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். அவர்கள் பார்த்த மரபணுப் பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை வேலை செய்யாத வகையாக இருந்தன. இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவேண்டாம். சிற்றன்னையின் கதையைச் சொன்னதே அதற்காகத்தான். வைத்தியரிடம் கேட்கலாம். அதேபோல், எதிர் வீட்டு அம்மாளுக்குக் கேட்டது என்று அவரது மாத்திரையில் பாதியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கமும் ஒழியவேண்டும்.

ஊரில் இருந்த காலத்தில் இவை யாவும் பாட்டிமார் நினைவில் இருந்தன. "உங்கள் தாத்தாவுக்கு அந்த ஊசி ஆகாது," "பெரியப்பாவுக்கு அந்த மாத்திரை போட்டுக் கறுப்பாய் நீர் போயிற்று" என்று அடுக்களையிலிருந்தே குரல் வரும். 1893இல் இங்கே ரயில்வே தொழிற்சாலை ஏற்பட்ட காலம் முதல் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், தாத்தாவின் ஊர்ப் பெயரையே ரேஷன் அட்டையைப் பார்த்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே இக்கோடையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், மூத்தவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்டு எழுதிவரும்படி வேண்டுகிறோம்: நம் குடும்பத்தில் எந்த மருந்து எவருக்கு ஆகாமற் போயிற்று? அறுவையின்போதோ அதன் பின்னரோ எவருக்கேனும் விபரீதம் நேர்ந்ததா? மருந்தின் பெயர் தெரியாவிட்டால், என்ன நோய்க்கு எந்த ஆண்டில் என்று எழுதிக்கொண்டாலும் போதும்.

கிராணா கடைப் பெரியவருக்கு இரத்தச் சோதனை செய்தார்கள். நொதி மிகக் குறைவு என்று விடை வந்தது. ஸ்கோலின் தவிர்த்து வேறு மருந்து கொடுத்து அறுவை செய்தார்கள். மறுநாள் மாலையே எழுந்து நடந்தார். செய்தி கேட்டுப் பார்க்கவந்த அவருடைய தமக்கையார், வரங்கல்லில் வாழ்பவர், அப்போதுதான் ஒன்றைச் சொன்னார். அவர்கள் தாயாருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் அறுவை நடந்தபோது, பொழுது சாயும் வரை தாமாக மூச்சு வரவில்லையாம். கையால் அழுத்தும் பலூனை வைத்து ஆள் மாற்றி ஆள் அழுத்தி உயிர் காத்தார்களாம். அன்று வாசவி கன்னிகா பரமேஸ்வரிக்கு நேர்ந்துகொண்ட வெள்ளி விளக்கு இன்றும் அவர்கள் வீட்டுப் பூஜையறையில் எரிகிறது. ஆண்டுதோறும் அந்தக் கதையைச் சொல்லித்தான் அதை ஏற்றுவார்களாம். பெரியவர் சிறு பிள்ளையிலிருந்து அதைக் கேட்டு வந்தவர். தமக்கையார் சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, மகனைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்.