எரிமலை விட்ட வழி

ரீயூனியன் தீவைக் காரில் சுற்ற மூன்று நாள் போதும். ஆனால் அந்தச் சாலை இன்று இருக்கும் இடத்தில் நாளையும் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

சேன்த் ரோஸ் ஊரைத் தாண்டித் தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலை எண் 2-ல், சற்று நேரத்தில் கரும்புத் தோட்டங்கள் மறைந்துவிடுகின்றன. இரு பக்கமும் கறுத்து இறுகிய பாறை. ஒரு பக்கம் கடல்வரை சரிகிறது, மறுபக்கம் மேகத்துக்குள் ஏறுகிறது. இங்கே சாலையோரப் பலகைகளில் ஊர்ப் பெயர்களுக்குப் பதில் ஆண்டுகள் எழுதியிருக்கின்றன. எந்த ஆண்டு வழிந்த தீக்குழம்பின் மீது கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பலகைகள் அவை. பழைய பாறையில் பெரணியும் மரமும் பிடித்துவிட்டன. புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டும் படர்ந்திருக்கிறது.

இந்தப் பகுதிக்கு கிராண்ட் புரூலே என்று பெயர். பெரிய எரிநிலம் என்று பொருள். எரிமலையிலிருந்து கடலுக்கு இறங்கும் வாய்க்கால் இது. தீவைச் சுற்றி வரும் சுமார் 200 கி.மீ. சாலை இந்த வாய்க்காலைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். வேறு வழியில்லை. எரிமலை சாலையை அறுக்கும், மனிதர்கள் ஆறும்வரை காத்திருந்து மறுபடி போடுவார்கள். ரீயூனியனின் கதையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில், இந்துமாக் கடலில் 2,512 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தத் தீவு 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ, ரொட்டி பிரெஞ்சு, சட்டமும் பிரெஞ்சு. பக்கத்துத் தீவான மொரிஷியஸில் நம் ஊரைப் போல இடது பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள். இங்கே வலது பக்கம். முதல் ரவுண்டானாவிலேயே இந்திய ஓட்டுநரின் கை தடுமாறும்.

ஆனால் இந்தத் தீவின் அடியில் எரியும் நெருப்பு இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகரும் வழியில் இதே வெப்பப் புள்ளியின் மீது வந்தபோதுதான் தக்காணத்தின் எரிமலைப் பாறை அடுக்குகள் உண்டாயின என்பது புவியியலாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தெடுத்தது அந்தப் பாறையில்தான். நிலத்தட்டுகள் நகர நகர, லட்சத்தீவும் மாலத்தீவும் அமர்ந்திருக்கும் கடலடி மலைத்தொடர் உருவானது, பிறகு மொரிஷியஸ் எழுந்தது. இப்போது அடுப்பு ரீயூனியனுக்குக் கீழே இருக்கிறது.

விமான நிலையம் தலைநகர் சேன் தெனிக்குப் பக்கத்தில். அதன் பெயர் ரோலான் காரோஸ். டென்னிஸ் ரசிகர்களுக்குப் பழக்கமான அந்தப் பெயருக்கு உரியவர் விளையாட்டு வீரர் அல்ல, 1888-ல் சேன் தெனியில் பிறந்த விமானி. வாடகைக் கார் அங்கேயே கிடைக்கும். ரயில் கிடையாது. 1882-ல் ஓடத் தொடங்கிய தீவின் ரயில் 1963-ல் நின்றுபோனது. அதன் பிறகு தீவு முழுக்கக் காரை நம்பி வாழ்கிறது. காலையிலும் மாலையிலும் தலைநகரைச் சுற்றி நிற்கும் வண்டி வரிசை அதற்குக் கொடுக்கும் விலை.

முதல் நாள் கிழக்கே போவது நல்லது. சேன்த் சூசான் வனிலாவின் ஊர். 1841-ல் எத்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை இங்கேதான் கண்டுபிடித்தான். உலக வனிலாத் தொழிலே அதன் மேல் எழுந்தது. அல்பியுஸ் 1880-ல் ஏழையாக இறந்தார்.

அடுத்த ஊர் சேன் ஆந்த்ரே. கரும்புக்கு நடுவே வண்ணக் கோபுரங்கள் தலைகாட்டுகின்றன. காளிக்கும் மதுரை வீரனுக்கும் இங்கே கோயில் உண்டு. பாஞ்சாலி இங்கே பாந்தியாலே. அவளுக்காகப் பூக்குழி மிதிக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். வேண்டுதல் வைத்து விரதம் இருப்பவரோடு தமிழில் பேச முயன்றால் பெரும்பாலும் பதில் கிரியோல் மொழியில்தான் வரும். பேச்சு போய்விட்டது, சமையலறை அதைக் காப்பாற்றியிருக்கிறது. கறிவேப்பிலை அங்கே கலுபிலே. முருங்கைக் கீரை புரேத் முரூம். மசாலா போட்ட ஆட்டுக்கறிக்கு கப்ரி மசாலே என்று பெயர். சந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் தாத்தா காலத்துச் சொற்கள் வேறு வேஷத்தில் வந்து விழும்.

சேன்த் ரோஸ் அருகே ஒரு தேவாலயத்தின் முன் எல்லோரும் காரை நிறுத்துகிறார்கள். 1977 ஏப்ரலில் எரிமலை வழக்கமான எல்லையை மீறி ஊருக்குள் வந்தது. வீடுகள் பல அழிந்தன. தீக்குழம்பு தேவாலய வாசலைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. பக்தர்களுக்கு அது அற்புதம். விஞ்ஞானிகளுக்கு அது எச்சரிக்கை. அந்த வெடிப்புக்குப் பிறகுதான் 1979-ல் இங்கு எரிமலைக் கண்காணிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. அதுவரை, உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்றின் அடியில் வாழ்ந்தவர்களுக்கு முன்னறிவிப்பு சொல்ல நிரந்தரமான ஏற்பாடு இருக்கவில்லை.

அங்கிருந்து கிராண்ட் புரூலே. 2007 ஏப்ரலில் நடந்ததை இங்கே பாறையே சொல்கிறது. மலையின் கீழ்ச்சரிவில், சாலைக்குச் சற்று மேலேயே பூமி பிளந்தது. குழம்பு சாலையைக் கடந்து கடலில் விழுந்தது. நெடுஞ்சாலை பல பத்து மீட்டர் பாறைக்கு அடியில் போனது, தீவுக்குப் புதிதாகக் கரை நிலம் சேர்ந்தது. அதே நாட்களில் மேலே உச்சிப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. தீவின் வட்டச் சாலை அறுந்துபோக, கிழக்கிலிருந்து தெற்கே போக வேண்டியவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாதங்கள் கழித்து ஆறாத பாறையின் மீதே புதிய சாலை போட்டார்கள். அடுத்த சில ஆண்டுகள் மழை பெய்தால் சாலையோரம் நீராவி கிளம்பும்.

இரவு தெற்கே சேன் பியேரில் தங்கி, இரண்டாம் நாள் விடியுமுன் கிளம்ப வேண்டும். காலை பாதி கழிவதற்குள் மேகம் வந்து மலையை மூடிவிடும். பூர் முய்ரா என்ற சிற்றூரில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தாண்டி, பசுக்கள் மேயும் பச்சைப் புல்வெளி திடீரென்று முடிந்து, செம்மண்ணும் கருங்கல்லுமாக ஒரு பாழ்வெளி விரிகிறது. பிளேன் தே சாப்ல் என்ற இந்த மணல்வெளியில் சாலை வெறும் மண் தடம்தான். மெதுவாகத்தான் ஓட்ட முடியும். கார் நிற்கும் இடம் பா த பெல்கோம், 2,311 மீட்டர் உயரம். கீழே செங்குத்தான பள்ளம். அதன் நடுவே 2,632 மீட்டர் உயரத்தில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை. ஃபூர்னேஸ் என்றால் உலை.

17ஆம் நூற்றாண்டு முதல் 150-க்கும் மேற்பட்ட முறை இது வெடித்திருக்கிறது. பெரும்பாலும் இந்தப் பள்ளத்துக்குள்ளேயே. அதனால்தான் தீவு பிழைத்திருக்கிறது. எரிமலை அமைதியாக இருக்கும்போது படிகளில் இறங்கிப் பள்ளத்துக்குள் நடக்கலாம். வெடிக்கும் அறிகுறி தெரிந்தால் கதவு பூட்டப்படும். அப்போது ஊரே எதிர்த் திசையில் போகாது, எரிமலையை நோக்கித்தான் போகும். குழந்தைகள், போர்வை, சோற்றுப் பானை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு, இரவு முழுக்கச் சிவப்பு ஆறு இறங்குவதைப் பார்க்கப் போகிறார்கள். இங்கே எரிமலை ஆபத்து மட்டுமல்ல, திருவிழாவும்கூட.

மூன்றாம் நாள் சிலாவோஸ். சேன் லூயி ஊரிலிருந்து மேலேறும் இந்தப் பாதைக்கு 400 வளைவுகள் என்று கணக்கு. ஒரு கார் மட்டுமே நுழையக்கூடிய குகைப்பாதைகளும் உண்டு. எதிரே பேருந்து வந்தால் பின்னால் போக வேண்டியது நீங்கள்தான். எரிமலை இடிந்து, மழை அரித்து உண்டான மூன்று மாபெரும் கிண்ணங்களில் இது ஒன்று. மற்றொன்றான மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. அங்கு வாழ்பவர்களுக்குச் சாமான் ஹெலிகாப்டரில் வருகிறது, மற்றதெல்லாம் நடைதான். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலைகள் இவை. சாலை இல்லாததே அன்று அவர்களுக்குப் பாதுகாப்பு. 2010-ல் இந்தச் சிகரங்களையும் கிண்ணங்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

திரும்பும் வழி மேற்குக் கரை. 2009-ல் திறக்கப்பட்ட தமரின் நெடுஞ்சாலை, பள்ளத்தாக்குகளைப் பாலங்களால் தாண்டி 34 கி.மீ. ஓடுகிறது. கீழே கடற்கரை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்த இடத்தில் இறங்கக் கூடாது. 2011 முதல் நடந்த சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு, பவளப்பாறை அரணுக்கு உள்ளேயும் அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் மட்டுமே குளிக்கலாம்.

கடைசி 12 கி.மீ.தான் தீவின் மிகப் பெரிய தலைவலி. லா பொசெசியோன் முதல் சேன் தெனி வரை, செங்குத்துப் பாறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது பழைய சாலை. 2006 மார்ச்சில் பாறை சரிந்து இருவர் இறந்தனர். சாலையைக் கடலுக்குள் தள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. அலைகளின் மேல் 5.4 கி.மீ. நீளப் பாலம் கட்டி, 2022-ல் போக்குவரத்தைத் திறந்தார்கள். பாலம் கரையேறும் இடம் கிராண்ட் ஷலூப்.

அங்கே காரை நிறுத்தாமல் போகக் கூடாது. பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தனிமைப்படுத்தும் முகாமாக 1860களில் கட்டப்பட்ட லாசரே இருக்கிறது. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால், சென்னை என்று கப்பல்கள் ஆட்களை ஏற்றி வந்தன. 1860-ல் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொடுமைகள் அம்பலமானதும் 1882-ல் பிரிட்டிஷ் இந்தியா அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். நோய் இல்லை என்று தெரியும்வரை இந்தச் சுவர்களுக்குள் வைத்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கும் மல்பார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கு இனத்தைக் கேட்பதில்லை.

ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்துவைத்தார்கள், பிரெஞ்சுப் பெயர் இட்டார்கள், கோயிலையும் விடவில்லை. இப்போது கோயில்களை ஒட்டி நடக்கும் வகுப்புகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அ, ஆ எழுதிப் பழகுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு மே முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். அதன் பிறகு புயல் பருவம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா மட்டும் இந்தத் தீவுக்குப் போதாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருக்கட்டும். கிளம்பும் அன்று காலை சாலை நிலவரம் கேட்டுக்கொள்வதும் அவசியம். வரைபடத்தில் கோடு இருக்கலாம், சாலை இருக்கிறதா என்பது எரிமலையைப் பொறுத்தது.