உடைக்காமலே பார்ப்போம்!
(பழைய கேமரா ஃபில்டர் வாங்கும்போது போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?)

இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை



எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. மஞ்சள் ஏலத்துக்குப் பேர் போன ஊர். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாங்க வருகிற வியாபாரி மூட்டையின் மேல்வாயைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். உள்ளே கையை விட்டு ஒரு விரலியை எடுத்து, படக்கென்று உடைத்து, உள் நிறத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். என் அப்பா மஞ்சள் வேக வைக்கும் வேலைக்குப் போகிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் மஞ்சளில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அவருடைய மகன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன், வெர்னியர் பிடிக்கத் தெரிந்தவன். இரண்டு வட்டக் கண்ணாடித் துண்டுகளில் 1,400 ரூபாயைக் கோட்டை விட்டேன். நீங்களும் விட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான்

முகூர்த்த நாட்களில் ஒரு போட்டோகிராபர் அண்ணனுக்கு லைட் பிடிக்கப் போவேன். அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து ஒரு பழைய கேமரா வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொருவரிடம் யூ.வி. ஃபில்டர் ஒன்று, போலரைசர் ஒன்று வாங்கினேன். இரண்டிலும் பெரிய ஜப்பான் கம்பெனியின் பெயர். "ஒரிஜினல் தம்பி, பெட்டியோட இருக்குது பாரு" என்றார். பெட்டி ஒரிஜினல்தான். உள்ளே இருந்ததுதான் வேறு!

அக்கா கல்யாணத்தில் எங்கள் ஆயா குத்துவிளக்கு ஏற்றுவதைப் படம் எடுத்தேன். ஆயாவுக்கு ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர வேறு படமே கிடையாது. படத்தில் விளக்கு இடது கீழ்ப்பக்கம், ஆயா முகம் வலது மேல்பக்கம். சரியாக முகத்தின் மேல் தலைகீழாக ஒரு பச்சைச் சுடர்! பார்த்துவிட்டு ஆயா கேட்டது: "ஏஞ்சாமி, என் மூஞ்சில என்னடா பச்சப் பொட்டு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

பச்சைப் பொட்டு எங்கிருந்து வந்தது?

பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி, ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் சுமார் 8 சதவீதம். விளக்கின் ஒளி கேமராவுக்குள் போய், சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரின் தட்டையான கண்ணாடியில் மறுபடி மோதி உள்ளே வரும். அது படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக விழும். விளக்கு இடது கீழே இருந்தால் பொட்டு வலது மேலே. அங்கேதான் ஆயா இருந்தார்!

இதைக் குறைக்கத்தான் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மகுலா என்பவர் 1935-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். மெக்னீசியம் ஃபுளோரைடு பூச்சின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! பல அடுக்குப் பூச்சு இருந்தால் ஒரு பக்கத்தின் பிரதிபலிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நல்ல ஃபில்டருக்கு நாம் கொடுக்கும் காசு இந்தப் பூச்சுக்கும், கண்ணாடியின் சமதளத்துக்கும்தான். போலிக்காரன் மிச்சம் பிடிப்பதும் இந்த இரண்டில்தான். பெயர் பொறிப்பது அவனுக்குச் சுலபம்.

ஐந்து சோதனைகள்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். கண்ணாடியை மட்டும் பெட்டியைப் பார்த்து வாங்கலாமா?

1. டியூப்லைட் சோதனை. டியூப்லைட்டுக்குக் கீழே ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. மங்கலாக, பச்சை அல்லது ஊதா சாயலில் தெரிந்தால் பூச்சு உண்டு. வளையத்தில் பல அடுக்குப் பூச்சு என்று எழுதியிருந்து, பிம்பம் வெள்ளையாக இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பிம்பத்தின் ஓரம் நேர்க்கோடாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நெளிந்தால் கண்ணாடி சமதளம் இல்லை.

2. ரூபாய் நோட்டுச் சோதனை. இது யூ.வி. ஃபில்டருக்கு. நம் ரூபாய் நோட்டின் எண்கள் புற ஊதா ஒளியில் ஒளிரும். புற ஊதா டார்ச்சின் முன்னால் ஃபில்டரை வைத்து நோட்டின்மேல் அடியுங்கள். நல்ல யூ.வி. ஃபில்டர் என்றால் ஒளிர்வு நன்றாகக் குறையும். சாதாரணக் கண்ணாடி என்றால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு எச்சரிக்கை: டார்ச் 365 நானோமீட்டர் வகையாக இருக்க வேண்டும். மலிவான டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அந்த ஒளியில் பெரும்பகுதியை ஒரிஜினல் ஃபில்டரே உள்ளே விட்டுவிடும். 'புரொடெக்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள்.

3. கால்குலேட்டர் சோதனை. இது போலரைசருக்கு. நம் எல்லோர் பையிலும் கால்குலேட்டர் இருக்கிறதே! ஃபில்டரின் மரையுள்ள பக்கம் உங்கள் கண்ணைப் பார்த்தும், முன்பக்கம் கால்குலேட்டர் திரையைப் பார்த்தும் இருக்கட்டும். மெதுவாகச் சுழற்றுங்கள். அரைச் சுற்றுக்குள் ஒரு இடத்தில் திரை முழுக்கக் கறுக்க வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் மாறவில்லையா? அது வெறும் கறுப்புக் கண்ணாடி.

4. முகம் பார்க்கும் கண்ணாடிச் சோதனை. போலரைசரில் லீனியர், சர்க்குலர் என இரண்டு வகை. ஆட்டோஃபோகஸ் எஸ்.எல்.ஆர். கேமராவில் பாதி ஒளியை விடும் கண்ணாடி இருப்பதால், லீனியர் வகையைப் போட்டால் ஒளி அளவும் ஃபோகஸும் தப்பலாம். அதற்குச் சர்க்குலர்தான் வேண்டும். ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணுக்கு முன்னால் ஃபில்டரைப் பிடித்து, கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். மரைப்பக்கம் கண்ணாடியைப் பார்த்தால் கண் மறைந்து கறுப்பாகத் தெரிய வேண்டும். திருப்பிப் பிடித்தால் கண் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கண் தெரிந்தால் அது லீனியர். என்னுடையது கால்குலேட்டர் சோதனையில் பாஸ், இதில் ஃபெயில்! வளையத்தில் எழுதியிருந்ததோ சர்க்குலர்.

5. மரையும் எழுத்தும். இது நம் துறை. 52 மி.மீ. ஃபில்டர் என்றால் மரையின் பிட்ச் பெரும்பாலும் 0.75 மி.மீ. பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சொந்த லென்ஸில் மெதுவாகப் பொருத்திப் பாருங்கள். மல்லுக்கட்டிச் சுற்றக் கூடாது, லென்ஸ் மரை போய்விடும். காதருகே ஆட்டினால் கண்ணாடி கடகடக்கக் கூடாது. வளையத்தின் எழுத்தைக் கம்பெனியின் இணையதளப் படத்தோடு ஒப்பிடுங்கள்: எழுத்துப் பிழை, எழுத்தின் பருமன், இடைவெளி. ஆனால் மரை சரியாக இருப்பதால் மட்டும் ஒரிஜினல் ஆகிவிடாது. நல்ல லேத் எல்லோரிடமும் இருக்கிறது.

இந்த ஐந்தையும் ஒருசேரப் பார்த்து முடிவு செய்யுங்கள். விற்பவர் சோதிக்க விடவில்லை என்றால் அதுவே ஆறாவது சோதனை!

பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை

ஹோயா என்பது டோக்கியோ பக்கத்தில் இருந்த ஓர் ஊரின் பெயர். 1941-இல் அங்கே கண்ணாடி வார்க்கத் தொடங்கிய நிறுவனம் அது. பி பிளஸ் டபிள்யூ என்பது பியர்மன், வெபர் என்ற இருவரின் முதலெழுத்து. 1947-இல் பெர்லினில் ஆரம்பித்தது. இப்படி ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த பெயரை ஒரே நாளில் திருடுவதுதான் போலி. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி போலிக் குறியோடு பொருள் விற்பது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. எனக்கு விற்றவரைத் திரும்பப் போய்க் கேட்டேன். "எனக்கே அப்படித்தான் வந்துச்சு தம்பி" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். ரசீது இல்லாமல் வாங்கியது என் தப்பு.

கடைசியாக ஒன்று

இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. அதனால் யூ.வி. ஃபில்டர் பெரும்பாலும் தூசிக்கும் கீறலுக்கும் காவல்தான். காசு இல்லையென்றால் ஒரு லென்ஸ் ஹூட் போதும். இரவிலும், விளக்கு முன்னாலும் ஃபில்டரைக் கழற்றி விடுங்கள். போலியைப் போடுவதைவிட ஒன்றும் போடாமல் இருப்பது மேல்!

அப்பாவிடம் 1,400 ரூபாய் கதையைப் பயந்து பயந்துதான் சொன்னேன். திட்டவில்லை. "மஞ்சள உடைச்சுப் பாக்காம எவனாச்சும் வெல சொல்வானா சாமி?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியை உடைக்க முடியாதே என்றேன். "அதுக்குத்தானே உன்னப் படிக்க வெச்சது" என்றார்.

போன கார்த்திகை தீபத்தன்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஆயாவை மறுபடி விளக்கேற்றச் சொல்லி எடுத்தேன். முகத்தில் விளக்கு வெளிச்சம் மட்டும். படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.