அட்டைப் பெட்டியும் ஒளியும்

தமிழ் பயில்வார்க்கு இரசாயனக் கூடத்தில் யாது அலுவல் என நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். சென்ற பருவத்தில் அறிவியல் மாணாக்கரோடு யாம் அங்குக் கண்டதை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கண்ட கருவி ஓர் அட்டைப் பெட்டி. ஒருபுறம் சவர அலகுகள் இரண்டை நெருக்கி அமைத்த மெல்லிய பிளவு. மறுபுறம் பழைய குறுந்தகட்டின் துண்டு. குறுந்தகட்டில் வரித்தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரு மில்லிமீட்டருக்கு 625 வரிகள். அவ்வரிகளே ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரிக்கின்றன. இழை விளக்கை நோக்கின் செம்மை முதல் ஊதா வரை இடையறாத நிறம். குழல் விளக்கிலோ பாதரசத்தின் பச்சை வரி தனித்து நிற்கும். சுடரில் உப்பைத் தூவினால் சோடியத்தின் மஞ்சள் வரி தோன்றும். உண்மையில் அவை 589.0, 589.6 நானோமீட்டரில் அமைந்த இரு வரிகள். எமது பெட்டிக்கு அவற்றைப் பிரிக்கும் ஆற்றல் இல்லை.

இஃது விளையாட்டுப் பொருளன்றோ என்பார், ஐடெல்பர்க்கில் புன்செனும் கிர்க்காப்பும் கையாண்ட கருவியை நினைவுகூர்க. உட்புறம் கருமையூட்டிய பெட்டி, கார்பன் டைசல்பைடு நிரப்பிய பட்டகம், சிறு தொலைநோக்கிகள் இரண்டு. நிறமாலை கொண்டே அவர்கள் 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டறிந்தனர்.

அளவை முறையும் எளிதாயிற்று. இல்லினாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் ஷீலின், சிறு ஒளியுமிழ் விளக்கும் கீற்றணித் துண்டும் அலைபேசிப் படக்கருவியும் கொண்டு, கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவைக் காணும் வழியை 2010இல் மாணாக்கர்க்கென வெளியிட்டார். அவ்வழியைப் பின்பற்றி யாம் பெர்மாங்கனேட்டுக் கரைசல்களை ஆராய்ந்தோம். செறிவு இரட்டித்தால் உறிஞ்சலும் இரட்டிக்கும் என்பது பீர் விதி. எமது கோடோ பாதியிலேயே வளைந்து படுத்துவிட்டது! விதி பொய்த்ததோ என மயங்கினோம். பெட்டியின் மூலையில் அட்டை பிரிந்து, அயலொளி நுழைந்திருந்தது. நூற்றில் ஒரு பங்கு அயலொளி கலந்தாலே, கரைசல் எத்துணைச் செறிவுடையதாயினும், கருவி காட்டும் உறிஞ்சல் 2-ஐக் கடவாது.

கூடத்து விலையுயர்ந்த கருவியில் மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். அதனுள்ளும் அயலொளி உண்டு, அளவிற் சிறிது. ஆயினும் அதைத் தேட எவரும் முனைந்திலர். பெட்டி எம்மைத் தேடவைத்தது.

கருநிற நாடா ஒட்டியபின் கோடு பெரிதும் நிமிர்ந்தது. எஞ்சிய வளைவின் காரணம் ஒரு வாரம் கழித்தே விளங்கிற்று: படக்கருவி தரும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைவன அல்ல.