ஒரு மைக்ரோவோல்ட், ஒரு கிராம்

மளிகைக் கடையின் மின்தராசில் பருப்புப் பொட்டலத்தை வைத்தவுடன் எடை எண்ணாக எழுகிறதே, அந்த எண் பிறக்கும் இடம் தட்டு அன்று. தட்டின் கீழே லோட் செல் என்று தொழிலில் வழங்கும் ஓர் அலுமினியத் துண்டு, பளு ஏறும்போது கண்ணுக்குப் புலப்படாத அளவில் வளைய, அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைகள் அவ்வளைவுக்கேற்பச் சற்றே மாறுகின்றன. அதன் காரியம் அத்துடன் முடிந்தது. 5 வோல்ட் ஊட்டினால், முழுப் பளுவில் அது திருப்பித் தருவது சாதாரணமாக 10 மில்லிவோல்ட். பத்துக் கிலோ தராசாயின், ஒரு கிராமுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மைக்ரோவோல்ட்.

இந்த அற்ப மின்னழுத்தத்தை எண்ணாக்குவதுதான் அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் வேலை. 1954-இல் அமெரிக்காவின் எப்ஸ்கோ நிறுவனத்தில் பெர்னார்ட் கார்டன் வால்வுகளைக் கொண்டு ஆக்கிய 'டேட்ராக்' என்னும் மாற்றி, 11 பிட் நுட்பத்துக்காக 500 வாட் மின்சாரம் குடித்து, 150 பவுண்டு எடையுடன் வீற்றிருந்தது. இன்று எடைக் கருவிகளில் பெரிதும் பிரயோகமாகும் எச்.எக்ஸ்.711 என்ற சிப், பதினாறு கால்களுடன் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கி, 24 பிட் தருகிறது. 24 பிட் என்றவுடன் மயங்குவோர் பலர்; ஆனால் அவற்றில் கடைசி நான்கைந்து பிட்டுகள் சிப்பின் சொந்த இரைச்சலிலேயே மூழ்கிப்போகின்றன. பிட்டுகளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மெய்யான அளவை மட்டும் மின்சுற்றுப் போர்டு வரைபவர்தான் சம்பாதிக்க வேண்டும்.

அதற்கு முதல் உபாயம், லோட் செல்லுக்கு ஊட்டும் மின்னழுத்தத்தையே மாற்றியின் அளவுகோலாகவும் வைத்துவிடுவது. ஊட்டுவது நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் சமிக்ஞையும் அளவுகோலும் ஒருங்கே குறைவதால், விகிதமாகிய விடை அசைவதில்லை. விலையுயர்ந்த ஆதாரமின்னழுத்த சிப் இதனால் அநாவசியமாகிறது.

போர்டைச் சிறிதாக்கத் தொடங்கினால்தான் உண்மையான சங்கடம் தலைகாட்டும். இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் உஷ்ண வேற்றுமை மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும் என்பது 1821-இல் சீபெக் கண்டது. செம்பும் ஈயப்பற்றும் சேருமிடத்தில் அது டிகிரிக்கு ஒன்று முதல் மூன்று மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம். மின்சாரம் ஊட்டும் டிரான்சிஸ்டரையோ வைஃபை சிப்பையோ சமிக்ஞைக் கம்பிகள் வந்திறங்கும் மூலைக்கு அருகே வைத்தோமானால், இரு பற்றுகளில் ஒன்று மற்றதைவிட ஒரே டிகிரி கூடச் சூடாகி, வெறுந்தட்டு இரண்டு கிராம் காட்டும். ஆகவே விஷயமறிந்தவர் அவ்விரு கம்பிப் பாதைகளையும் ஒட்டினாற்போல, சம நீளத்தில், சம எண்ணிக்கையான பற்றுகளுடன், சூடாகும் பொருள்களுக்கு எதிர்மூலையில் இழுத்துச் செல்வார். இடம் போதாதவிடத்து, இடையே போர்டில் ஒரு நீண்ட துளை வெட்டி உஷ்ணத்தின் வழியை மறிப்பார். விலைப்பட்டியலில் ஏறாத இந்தத் துளை, என் அபிப்பிராயத்தில், சில சிப்புகளைவிடப் பெறுமானமுடையது.

எஞ்சியிருப்பது சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தொந்தரவு. எச்.எக்ஸ்.711 சிப்பின் ஒரு காலைத் தரையோடு இணைத்தால் அது விநாடிக்கு 10 அளவுகள் எடுக்கும். ஒவ்வோர் அளவிலும் ஐந்து முழு அலைகள் அடங்கி, ஏற்றமும் இறக்கமும் தம்முள் கழிந்துவிடும். அதே காலை மின்வழங்கலோடு இணைத்தால் 80 அளவுகள் கிடைக்கும், இந்தக் கழிவு கிடைக்காது. கடைத் தராசுக்குப் பத்தே போதும். ஓடும் பட்டையில் பொட்டலம் நிறுக்கும் யந்திரத்துக்கு எண்பது வேண்டியிருப்பதால், அங்கே லோட் செல்லின் கம்பிக்கு உலோகப் பின்னலுறை இட்டாக வேண்டும்.