நட்பு எழுதுவித்த நாவல்

நம் பிள்ளைகள் பள்ளி செல்லும் இதே பலெர்மோ நகரில் 1896இல் பிறந்தவர் ஜுசெப்பே தொமாசி டி லம்பெடூசா. 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பிறந்த இல்லத்தை இழந்தவர். நிறைய வாசித்தாராயினும், 57 வயதுவரை நாவல் எதனையும் எழுதினாரல்லர்.

அவருடைய தாய்வழிச் சகோதரர் லூசியோ பிக்கொலோ, தம் கவிதைகளைப் புகழ்பெற்ற கவிஞர் மொந்தாலேக்கு அஞ்சலில் அனுப்பினார். முத்திரை போதவில்லை. மொந்தாலே 180 லீரா தண்டம் செலுத்திப் பெற்றார், படித்து வியந்தார். 1954இல் சான் பெல்லெக்ரினோ இலக்கியக் கூட்டத்தில் பிக்கொலோவை அறிமுகப்படுத்தினார். துணைக்குச் சென்றிருந்த லம்பெடூசாவுக்கு, நாமும் எழுதலாமே என்னும் துணிவு அங்கேதான் பிறந்தது.

அவ்வாறு எழுந்த நாவலே 'இல் கத்தோபார்தோ'. இரு பெரும் பதிப்பகங்கள் அதனை ஏற்க மறுத்தன. 1957இல் அவர் மறைந்தார். எனினும் எலேனா குரோச்சே என்ற அம்மையார் வழியாக அப்பிரதி எழுத்தாளர் பஸ்ஸானியின் கைக்கு எட்டியது. அவரும் அன்று சான் பெல்லெக்ரினோவில் இருந்தவரே. 1958இல் நூல் வெளிவந்தது. மறுஆண்டு இத்தாலியின் உயரிய ஸ்த்ரேகா பரிசையும் பெற்றது.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் எவருக்கும் காட்டாத கொப்பிகள் உள்ளன. பெரியோர்களே, இளையோர்களே, அவற்றை நண்பர் ஒருவருக்கேனும் இவ்வாரமே வாசித்துக் காட்டுங்கள்.