சூட்டுப் படமும் மருத்துவமாதின் கையும்

மயிலிட்டியில் முன்பு இருந்த காசநோய் வைத்தியசாலையை எமது முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் காசநோய் என்ற சொல்லையே வீட்டில் உரத்துச் சொல்வதில்லை. பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் வராது, அயலவர் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்ற பயம். மறைத்ததால் நோய் முற்றியது. நல்ல மருந்துகள் வந்து, நேரத்தோடு வைத்தியரிடம் போகும் வழக்கமும் வந்தபின் காசநோய் குணமாகும் நோயாயிற்று. இன்று அதே மௌனம் மார்பகப் புற்றுநோயைச் சூழ்ந்து நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022 இல் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. ஆரம்பத்தில் கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை செய்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். ஆகவே, நேரத்தோடு கண்டுபிடிப்பது எப்படி என்பதே எம்முன் உள்ள கேள்வி.

இதற்கு விடையாகச் சிலர் ஒரு புதிய படத்தைக் காட்டுகிறார்கள். "வலி இல்லை, கதிர் இல்லை, உடம்பைத் தொடவும் தேவையில்லை. உடல் முழுவதன் நலத்தையும் ஒரே படத்தில் அறியலாம்" என்று வெப்பப் படத்தை விளம்பரம் செய்கிறார்கள். கூச்சமுள்ள எமது சகோதரிகளுக்கு இது கவர்ச்சியாக இருப்பதில் வியப்பில்லை. அதன் உண்மை நிலையை அறிந்துகொள்வது நல்லது.

வெப்பப் படம் என்றால் என்ன?

எமது உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் எப்போதும் வெளிவருகிறது. அதனை ஒரு தனிவகைக் கமெரா நிறங்களாக்கிக் காட்டும். வேகமாக வளரும் புற்றுநோய்க் கட்டி தனக்கென இரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்வதால் அதற்கு மேலுள்ள தோல் சற்றுச் சூடாக இருக்கலாம். கனடாவின் மொன்றியல் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் றே லோசன் 1956 இல் இதனை எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து பலரும் இதில் நம்பிக்கை வைத்து ஆராய்ந்தனர்.

ஆனால் அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. அமெரிக்காவில் 1970களில் நடந்த பெரிய மார்பகப் பரிசோதனைத் திட்டமொன்றில் வெப்பப் படமும் சேர்க்கப்பட்டது. பல புற்றுநோய்களை அது தவறவிட்டதால் இடையிலேயே கைவிடப்பட்டது. காரணம் எளிது. ஆழத்தில் இருக்கும் கட்டியின் சூடு தோல்வரை வராது. மெதுவாக வளரும் கட்டி அதிகம் சூடேறுவதில்லை. மறுபுறம், பால் கட்டினாலும், கிருமி தொற்றினாலும், வெயிலில் நின்று வந்தாலும் தோல் சூடாகும். அதனால் நோயுள்ளவருக்கு "ஒன்றுமில்லை" என்றும், நோயில்லாதவருக்கு "ஏதோ உண்டு" என்றும் படம் சொல்லிவிடலாம்.

கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும். கடலின் நிறத்தையும் பறவைகளையும் பார்த்து மீன் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம். ஆனால் மேல் நீர் அமைதியாக இருக்கிறது என்பதற்காக அடியில் மீனே இல்லை என்று எவரும் துணிந்து சொல்லமாட்டார். வெப்பப் படமும் மேல் நீரைப் பார்ப்பது போன்றதே. ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியை வாங்கும் ஸ்கான், படகிலுள்ள மீன் தேடும் கருவியைப் போல உள்ளே இருப்பதைக் காட்டும். மமோகிராம் என்னும் எக்ஸ்கதிர்ப் படம் கைக்குத் தட்டுப்படாத சிறு மாற்றத்தையும் காட்டவல்லது. முடிவாக, ஊசியால் சிறிது இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே புற்றுநோயா இல்லையா என்று உறுதி செய்வார்கள்.

இக்காரணங்களால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் பெண்களை எச்சரித்தது: வெப்பப் படம் மமோகிராமுக்குப் பதிலாகாது. 2016 இல் பெங்களூரில் தொடங்கிய நிராமை நிறுவனம் வெப்பப் படத்தைக் கணினியால் ஆராயும் முறையொன்றை வளர்த்து வருகிறது. முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் கட்டியொன்றை உணர்ந்த பெண், எந்த வெப்பப் படத்தையும் நம்பி வீட்டில் இருந்துவிடக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உணவில் நாம் சொல்லும் "சூடு" வேறு, இந்தச் சூடு வேறு. குளிர்ச்சியான பானம் குடிப்பதாலோ, எண்ணெய் பூசுவதாலோ, பத்துப் போடுவதாலோ புற்றுநோய்க் கட்டி கரையாது. வீணாவது நாட்களே.

கையின் பெறுமதி

மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998 இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுவரையான ஒன்றரை இலட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் மார்பகங்களை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தனர். 2021 இல் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் நிகழும் மரணம் ஏறக்குறைய 30 வீதம் குறைந்திருந்தது. 50 வயதுக்குட்பட்டோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமலே, பயிற்சி பெற்ற கை உயிர்களைக் காத்திருக்கிறது.

அத்தகைய கை எம்மிடமும் உண்டு. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடைபெற்று வருகிறது. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனையும், கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும், இரத்த அழுத்தம், நீரிழிவு பற்றிய பரிசோதனைகளும் இலவசமாகச் செய்யப்படுகின்றன. உடல் முழுவதன் நலம் என்பதற்கு இதுவே சரியான வழி. உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதிடம் கேட்டால் நாளையும் இடத்தையும் சொல்லுவார்.

சந்தேகம் எழுந்தால் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை அண்மையில் இருக்கிறது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நாட்டின் எல்லா இனத்தவரும் கூடி நடந்த 27 நாள் நடைப்பயணத்தில் சேர்ந்த பணத்தைக்கொண்டு அங்கே புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் கட்டப்பட்டது. பாதை மூடியிருந்த காலத்தில் மகரகமவுக்குச் செல்ல எமது நோயாளர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இன்று அந்தச் சாட்டு இல்லை.

எவற்றைக் கவனிக்கவேண்டும்?

மாதவிடாய் முடிந்து சில நாட்களுக்குள் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் ஏதாவது ஒரு திகதியை வைத்துக்கொள்ளலாம். விரல்களின் உட்பக்கத்தால் மார்பகம் முழுவதையும் கமக்கட்டையும் தடவிப் பாருங்கள். புதிய கட்டி அல்லது தடிப்பு, தோலில் குழி, தோடம்பழத் தோல் போன்ற தோற்றம், முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, ஆறாத புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டவேண்டும். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். பயந்து ஒளிக்கத் தேவையில்லை. முதன்முதல் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று அறியப்படவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

தாய்ப்பால் ஊட்டுவதும், உடலுழைப்பும், அளவான நிறையும், மதுவைத் தவிர்ப்பதும் ஆபத்தைக் குறைக்கும். ஆயினும் எந்தத் தவறும் செய்யாதவருக்கும் இந்நோய் வரலாம். எனவே இதனைத் தண்டனை என்றோ சாபம் என்றோ எவரும் பேசக்கூடாது.

1990 யூனில் மயிலிட்டியை விட்டுப் புறப்பட்ட மக்கள், 2017 யூலையில் துறைமுகம் விடுவிக்கப்படும்வரை 27 ஆண்டுகள் காத்திருந்தனர். முகாமிலும் வாடகை வீட்டிலும் எமது தாய்மார் பிள்ளைகளின் பசியை முதலில் பார்த்தார்கள். தங்கள் உடம்பைக் கடைசியில் வைத்தார்கள். ஊர் திரும்பி வீடு கட்டும்போதும் அதே பழக்கம் தொடர்கிறது. "இந்த வேலை முடியட்டும், பிறகு காட்டுவம்" என்கிறார்கள். நிலத்திற்காகக் காத்திருக்கலாம், கட்டி காத்திராது.

பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டால் வருந்திய பெண் கூட்டத்தில் ஒளிந்து பின்னால் வந்ததை நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆண்டவர் அவளை முன்னே வரச்செய்து ஆறுதல் சொல்லியே அனுப்பினார். எமது மாதர் சங்கங்களும் அதையே செய்யலாம். அடுத்த கிளினிக் நாளை அறிந்து, தனியே போகக் கூச்சப்படும் ஒரு சகோதரியையேனும் கூட்டிச் செல்லுங்கள். கணவன்மாரே, அன்றைக்கு அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.